நடுச்சாமத்தில நிண்ட பஸ்சும் ரெண்டு ரிக்கெற் துண்டும்

போன மாசத்துக்கு முதல் மாசம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வெளிக்கிட்டனான். அடுத்தநாள் காலமை எட்டு மணிக்கு அம்மாவுக்கு கண் கிளினிக். இரவு எட்டு மணிக்கு யாழ்ப்பாணத்தில ஏறினா விடியக் காலமை அஞ்சுக்குள்ள கொழும்பில இறங்கிடலாம், முகம் கழுவி ஒரு ரீ குடிச்சிட்டு நேர ஆஸ்பத்திரிக்குப் போகலாம் எண்டது தான் கணக்கு. எங்கட பக்கத்தில எல்லாரும் போடுற கணக்கு தான் இது. பகல்ல போனா ஒரு நாள் வீண், தங்கிறதுக்கு காசு வேணும், ஆற்றையும் வீட்டில போய் நிக்கிறதெண்டா அவைக்கும் கரைச்சல், அதால கிளினிக், விசா, பாஸ்போட், ஏயார்போட் எண்டு எல்லாத்துக்கும் இரவு பஸ் தான்.

முறிகண்டியில வழமை போல நிப்பாட்டி, பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கி, அம்மா அதில பாதியை எனக்குத் தந்திட்டு நித்திரையாப் போயிட்டா. வவுனியா, மதவாச்சி, அநுராதபுரம் எல்லாம் ஒரு பிரச்சினையும் இல்லை. நொச்சியாகம தாண்டி புத்தளம் ரோட்டில ஒரு கொஞ்சத்தூரம் போயிருப்பம், முன்னுக்கிருந்து "டப்" எண்டு ஒரு சத்தம், பிறகு ஏதோ ரப்பர் எரியிற மணம், ட்றைவர் மெல்ல மெல்ல ஓரங்கட்டி நிப்பாட்டிப் போட்டார். போனைப் பாத்தன், 12.50.

பெல்ற் அறுந்திட்டுது எண்டு கொண்டக்டர் பெடியன் வந்து சொன்னான். பெல்ற் அறுந்தா என்ன நடக்கும் எண்டு அண்டைக்குத் தான் எனக்கு வடிவா விளங்கினது. எஞ்சினைக் குளிராக்கிற தண்ணிப் பம்ப், பற்றரிக்கு சார்ச் ஏத்துற ஆல்ரனேற்றர், ஏசி எல்லாமே பெல்ற்றில ஓடுறது தான். அதால எஞ்சினை ஓட விட்டா சூடாகிப் பழுதாப் போகும், நிப்பாட்டினா ஏசி இல்லை, அதோட பின்னால மினுங்கிற சிக்னல் லைற் எல்லாம் பற்றரியில மட்டும் தான் எரியுது, பற்றரி இறங்க இறங்க லைற்றும் மங்கும். எங்கட பஸ் கண்ணாடி திறக்க ஏலாத பஸ். பத்து நிமிசத்தில உள்ளுக்கு வேர்வை மணமும் புழுக்கமும், பின் சீற்றில ஒரு கைக்குழந்தை அழத் தொடங்கிட்டுது. சனம் ஒவ்வொண்டா இறங்கத் தொடங்கிச்சினம்.

இறங்கின ஆக்கள் எங்க போய் நிண்டவை எண்டு பாருங்கோ. பாதிப்பேர் பஸ்சுக்கு நேர பின்னால. ஏனெண்டா அங்க தான் சிக்னல் லைற் வெளிச்சம் இருக்கு. மிச்சப்பேர் முன்னால, ட்றைவர் என்ன செய்யிறார் எண்டு பாக்க. ரெண்டு பேர் ரோட்டுப்பக்கம் இருக்கிற டிக்கியைத் திறந்து தங்கட பையைத் தேடிக்கொண்டு நிண்டவை, அவையின்ர முதுகு அப்பிடியே ரோட்டில. நானும் அம்மாவைக் கையில பிடிச்சுக்கொண்டு பின்னால தான் போய் நிண்டன், ஒளிக்கத் தேவையில்லை. வெளிச்சம் இருக்கிற இடம் தான் பாதுகாப்பு எண்டு மனம் சொல்லும், ஆனா ரோட்டில நிண்டு போன பஸ்சுக்கு அது நேர்மாறு.

அப்ப தான் நடுச் சீற்றில இருந்து ஒரு ஐயா இறங்கி வந்தவர், எழுபது வயசு இருக்கும், சாரமும் வெள்ளை சேட்டும். வந்த உடன முதல் கேள்வி, "தம்பி, முக்கோணம் எங்க?" பழுதாகி நிண்ட வாகனத்துக்குப் பின்னால வைக்கிற சிவப்பு எச்சரிக்கை முக்கோணத்தைத் தான் கேட்டவர். கொண்டக்டர் பெடியன் முழிச்சவன். பிறகு "இருந்தது ஐயா, போன ட்ரிப்பில எங்கயோ விட்டுட்டம்" எண்டு சொல்லிப்போட்டு, ஓடிப்போய் ஒரு மரத்தில குழை முறிச்சுக் கொண்டு வந்து பஸ்சுக்குப் பின்னால பத்தடி தள்ளிப் போட்டான். உது எங்கட நாட்டில எல்லாரும் செய்யிறது தானே, லொறி நிண்டாலும் குழை, கன்டர் நிண்டாலும் குழை. ஐயா அதைப் பாத்திட்டு சொன்ன வசனம் எனக்கு இன்னும் காதுக்குள்ள நிக்குது: "குழை பகலுக்குச் சரி தம்பி. இருட்டில வாறவனுக்கு குழையும் ரோட்டும் ஒரே கறுப்பு."

அவர் முப்பது வருசம் பஸ் ஓடின ஆள் எண்டு பிறகு தான் தெரிஞ்சுது. சத்தம் போடேல்லை, ஆரையும் ஏசேல்லை. பின்னால நிண்ட எங்கள் எல்லாரையும் "பிள்ளையள், இதில நிக்காதேங்கோ, இடப்பக்கம் இறங்குங்கோ" எண்டு ரோட்டை விட்டு இறக்கினார். முன்னால நிண்டவையையும் விலக்கினார், பின்னால ஒரு லொறி வந்து இடிச்சா பஸ் முன்னுக்குத் தான் பாயும் எண்டார். ரெண்டு பெடியளைப் பிடிச்சு, போன் லைற்றைப் போட்டுக்கொண்டு பஸ்சில இருந்து பின்பக்கமா நூறு எட்டு எடுத்து வச்சு எண்ணி நடக்கச் சொன்னார், ரோட்டில இல்லை, புல்லுக்கரையில. வாகனம் வாறது தெரிஞ்சா லைற்றை ட்றைவரின்ர கண்ணுக்கு நேர பிடிக்காம கீழ பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டோணும். ஆற்றையோ வெள்ளைத் துவாய் ஒண்டை வாங்கி பஸ்சின்ர பின் ஏணியில கட்டினார். சில்லு ரெண்டுக்கும் கல்லு வைக்கச் சொன்னார், ஏனெண்டா நிண்ட இடம் எப்பன் சரிவு.

இவ்வளவும் செய்ய அஞ்சு நிமிசம் கூட எடுக்கேல்லை. அதுக்குப் பிறகு ஒரு கால் மணித்தியாலம் போயிருக்கும், புத்தளம் பக்கம் போற ஒரு பெரிய லொறி, நல்ல பாரத்தோட, அநுராதபுரத்தில இருந்து வந்தது. தூரத்திலயே பெடியள் லைற் ஆட்டத் தொடங்கிட்டாங்கள், ஆனாலும் லொறி கிட்ட வந்து தான் பிறேக் அடிச்சது, ரயர் ரோட்டில தேயிற அந்தச் சத்தம், பிறகு வலப்பக்கம் வெட்டி எங்கட பஸ்சுக்கு ஒரு முழம் தள்ளிப் போனது. அந்தக் காத்தில அம்மாவின்ர சீலை முந்தானை பறந்தது. அரை மணித்தியாலத்துக்கு முதல் நாங்கள் நிண்ட இடத்தை நான் திரும்பிப் பாத்தன், கால் ரெண்டும் நடுங்கிட்டுது.

பிறகு வீட்ட வந்து கணக்குப் பாத்தனான். மணிக்கு 70 கிலோமீற்றர்ல வாற வாகனம் ஒரு செக்கனுக்கு 19 மீற்றருக்கு மேல ஓடும். ட்றைவர் கண்டு, மூளைக்கு விளங்கி, கால் பிறேக்குக்குப் போறதுக்கே ஒண்டரைச் செக்கன் எண்டு வச்சாலும் அதுக்குள்ள கிட்டத்தட்ட 30 மீற்றர் போயிடும், பிறகு பிறேக் பிடிச்சு நிக்க இன்னுமொரு 30 மீற்றர் மட்டில, பாரம் கூடின லொறி, நனைஞ்ச ரோட்டு எண்டா அதுக்கும் கூட. இதில பத்தடி தள்ளிப் போட்ட குழை என்னத்துக்கு உதவும்? அந்த ஐயா பேனையும் பேப்பரும் இல்லாமச் சொன்ன நூறு எட்டு சரியான கணக்கு.

2025 மே 11 கொத்மலை கரண்டியெல்லயில பஸ் பள்ளத்தில விழுந்து 20 பேருக்கு மேல செத்ததுக்குப் பிறகு, பஸ் பாதுகாப்பைப் பற்றி எல்லாரும் கதைக்கினம். ஸ்பீட், ட்றைவரின்ர நித்திரை, சீற் பெல்ற், ரயர். எல்லாம் கதைக்க வேண்டியது தான். ஆனா ஓடுற பஸ்சைப் பற்றித் தான் கதை, நிண்டு போன பஸ்சைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கிறேல்லை. நிண்டாப் பயமில்லை எண்டு நினைக்கிறம் போல.

இன்னொரு விசயம், பொம்பிளையளுக்கு மட்டும் தெரிஞ்ச விசயம். பஸ் நிண்டா ஆம்பிளையள் இருட்டுக்குள்ள நாலடி தள்ளிப் போயிட்டு வந்திடுவினம், நாங்கள் என்ன செய்யிறது? அது யானை திரியிற இடம், கருவலகஸ்வெவ, சாலியவெவ பக்கமெல்லாம் இரவில யானை ரோட்டைக் கடக்கிறது அந்தப் பாதையில போறவைக்குத் தெரியும், ரோட்டோரம் மின்சார வேலியும் கண்டிருப்பியள். அம்மாவுக்கு சீனி வருத்தம், அடிக்கடி போக வேணும். கொஞ்சம் தள்ளி ஒரு வீட்டில லைற் எரிஞ்சது, நாங்கள் அஞ்சாறு பொம்பிளையள் சேர்ந்து, ரெண்டு ஆம்பிளையளையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனம். நாய் குலைச்ச குலையில அந்த வீட்டு அம்மா எழும்பி வந்திட்டா. எனக்குத் தெரிஞ்ச அரைகுறைச் சிங்களத்தில "பஸ் எக்க கடுணா" எண்டு தொடங்க முதலே கேற்றைத் திறந்து விட்டா. அம்மாவுக்கு இருக்கக் கதிரையும் தந்து, சுடுதண்ணி வச்சுத் தந்தவ. அவவின்ர பேர் கூட நான் கேக்கேல்லை, அது எனக்கு இண்டைக்கும் ஒரு மனவருத்தம்.

எங்கட A9, யாழ்ப்பாணம் கண்டி ரோட்டுப் பக்கம் நிண்டாலும் இதே பிரச்சினை தான், அதோட வேற ஒண்டும் இருக்கு. முகமாலைப் பக்கமெல்லாம் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டா, எவ்வளவு அவசரம் எண்டாலும் ரோட்டுக் கரையை விட்டு பத்தைக்குள்ள இறங்க வேண்டாம், சின்னப் பிள்ளையளை கையில பிடிச்சு வச்சிருங்கோ. சண்டை முடிஞ்ச காலத்தில பிறந்த பிள்ளையளுக்கு மிதிவெடி எண்டா என்னெண்டு தெரியாது, நாங்கள் தான் சொல்ல வேணும்.

இனி ரிக்கெற் கதைக்கு வாறன்.

ரெண்டு மணி போல ட்றைவர் ஓனரோட கதைச்சு, பெல்ற் கொண்டு வர புத்தளத்தில இருந்து ஆள் வரோணும், விடிஞ்சிடும் எண்டு சொன்னார். வேற பஸ் அனுப்புவியளோ எண்டு கேட்டம். இப்ப பஸ் இல்லையாம். மூண்டு மணிக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில இருந்து வாற வேற ஒரு பஸ்சை மறிச்சு, அதில நிண்டுகொண்டு போக விருப்பமான ஆக்கள் ஏறலாம் எண்டாங்கள். சனம் ஓடின ஓட்டத்தைப் பாக்கோணும், பையும் பிள்ளையும் தூக்கிக்கொண்டு. ஏறினா அந்த பஸ் கொண்டக்டர் திரும்பவும் காசு கேக்கிறார். நாங்கள் கொழும்பு வரைக்கும் முழுக்காசு குடுத்து, பாதிக்கு மேல கொஞ்சத்தூரம் தான் வந்திருக்கிறம், இன்னும் 170 கிலோமீற்றருக்குக் கிட்டக் கிடக்கு. கனபேர் ஒண்டும் கேளாமக் குடுத்திட்டினம். ஒரு பெடியன் மட்டும் கேட்டான், பின்னால நிண்ட ஆரோ "விடு தம்பி, எல்லாரும் குடுக்கினம் தானே, பஸ் வெளிக்கிடட்டும்" எண்டு அவனை அடக்கிப் போட்டினம்.

இந்த "விடு தம்பி" தான் எனக்கு விளங்காத விசயம். அந்தப் பெடியன் சண்டை பிடிக்கேல்லை, தன்ர காசைக் கேட்டவன். காசு வாங்கினவை கொழும்பு வரைக்கும் கொண்டு போய் விடுறதெண்டு தானே வாங்கினவை? நடுவழியில நிண்டா ஒண்டில் வேற பஸ்சில அதே காசுக்கு ஏத்தி விடோணும், இல்லாட்டி ஓடாத தூரத்துக்குக் காசைத் திருப்பித் தரோணும். பெல்ற் அறுந்தது ட்றைவரின்ர குற்றம் எண்டு நான் சொல்ல வரேல்லை, எந்த வாகனமும் பழுதாகும், அந்த மனுசன் கையெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு ஒரு மணித்தியாலம் அடியில படுத்துக் கிடந்தவர். ஆனா பழுதாகிற செலவை பயணம் போறவையின்ர தலையில கட்ட ஏலாது.

நான் செய்தது இது தான். எங்கட ரெண்டு ரிக்கெற் துண்டையும் எடுத்து, பின்பக்கத்தில திகதி, நேரம், பஸ் நிண்ட இடம் எழுதி, எங்கட பஸ் கொண்டக்டரிட்டக் குடுத்து "தம்பி, இதில பழுதாகி நிண்டது எண்டு எழுதி ஒரு கையெழுத்து வையும்" எண்டு கேட்டன். அவன் முதல் பின்வாங்கினான், "அக்கா, ஓனர் என்னைப் பேசுவார்" எண்டான். "நீர் பிழை விட்டதெண்டு எழுதச் சொல்லேல்லை தம்பி, பஸ் நிண்டது உண்மை தானே" எண்டன். ஐயாவும் பக்கத்தில நிண்டவர், "வையும் தம்பி" எண்டார். வச்சுத் தந்தான். அதோட பஸ் நம்பர் பிளேட்டையும், கதவுக்குப் பக்கத்தில எழுதியிருந்த போன் நம்பரையும் படம் எடுத்தன். மற்ற பஸ்சில குடுத்த காசுக்கும் ரிக்கெற் கேட்டு வாங்கினன். அவர் ஒரு மாதிரிப் பாத்திட்டுத் தான் தந்தவர், ஆனா தந்தவர்.

எங்க முறைப்பாடு குடுக்கிறது எண்டு கனபேருக்குத் தெரியாது. மாகாணம் விட்டு மாகாணம் ஓடுற தனியார் பஸ்சுக்கு அனுமதி குடுக்கிறது தேசிய போக்குவரத்து ஆணைக்குழு, 1991ம் ஆண்டு 37ம் இலக்கச் சட்டத்தில உருவானது, அவையின்ர நம்பர் 1955. இ.போ.ச, அதாவது இலங்கை போக்குவரத்துச் சபையின்ர அரசாங்க பஸ் எண்டா 1958. யாழ்ப்பாணம் பருத்தித்துறை, யாழ்ப்பாணம் வவுனியா மாதிரி வடமாகாணத்துக்குள்ள மட்டும் ஓடுற தனியார் பஸ் எண்டா மாகாணத்தின்ர வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. காசு வாங்கிக்கொண்டு சேவை தராதது எண்ட வகையில நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும், 1977க்கு, சொல்லலாம். பஸ் ரோட்டில ஆபத்தா நிக்குது, மறைவான வளைவு, லைற் இல்லை எண்டா முதல் 119, பொலிஸ் வந்து நிண்டாலே பாதிப் பயம் போகும். ஆருக்கும் ஏலாமப் போனா 1990 சுவசெரிய, அம்புலன்ஸ் காசில்லாம வரும், 2018ல யாழ்ப்பாணத்தில வச்சுத் தான் வடக்குக்கும் அதைத் தொடக்கினவை. கோல் எடுக்க முதல் கிட்ட இருக்கிற கிலோமீற்றர் கல்லில என்ன நம்பர் எண்டு பாருங்கோ, "நொச்சியாகம தாண்டி ஒரு இடம்" எண்டு சொன்னா அவை எங்க தேடுறது. வாட்ஸ்அப்பில லொக்கேசன் எடுத்து வீட்டுக்கும் ஒருக்கா அனுப்பி விடுங்கோ.

தனியாப் போற பிள்ளையளுக்கு ஒண்டு. அண்டைக்கு எங்களோட வந்த ஒரு கம்பஸ் பிள்ளை, தனிய. ஒரு வான் வந்து நிண்டு "கொழும்பு, கொழும்பு, மூண்டு பேருக்கு இடமிருக்கு" எண்டு கூப்பிட்டவுடன ஏறப் போனவ. அம்மா தான் கையைப் பிடிச்சு நிப்பாட்டினவ, "எங்களோட நில்லு பிள்ளை, போனா எல்லாரும் ஒண்டாப் போவம்." அந்த வான்காரர் நல்ல மனுசராக் கூட இருந்திருக்கலாம். ஆனா நடுச்சாமத்தில காட்டு ரோட்டில அதைச் சோதிச்சுப் பாக்க ஏலாது. பழுதான பஸ்சில வந்த ஐம்பது பேரும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு ஒரு ஊர்ச்சனம் மாதிரி, அதை விட்டுப் பிரியாம நிக்கிறது தான் பலம். பக்கத்து சீற்காரரிட்ட ஒரு கதை குடுத்து வைக்கிறதில ஒரு நட்டமும் இல்லை. அந்தப் பிள்ளை பிறகு எங்களோடயே மற்ற பஸ்சில வந்து, புறக்கோட்டையில இறங்கும் வரைக்கும் அம்மாவின்ர பையைத் தூக்கிக்கொண்டு வந்தவ.

கண்ணாடி திறக்க ஏலாத பஸ்சில போறவை ஏறின உடன ஒருக்கா நிமிர்ந்து பாருங்கோ, அவசர வாசல் எங்க, கண்ணாடி உடைக்கிற சிவப்புச் சுத்தியல் இருக்கோ, வெறும் கொழுக்கி மட்டும் தான் தொங்குதோ எண்டு. அதோட மருந்து குடிக்கிற ஆக்களின்ர மருந்து, தண்ணிப் போத்தில், ஒரு பிஸ்கற் பக்கற் மூண்டையும் டிக்கியில போடுற பையில வைக்காம மடியில வச்சிருக்கிற பையில வையுங்கோ. அம்மாவின்ர சீனி குறைஞ்சு போச்சோ எண்டு நான் பயந்த நேரம் கையில இருந்தது முறிகண்டிக் கச்சான் சரை மட்டும் தான், அதையும் அந்தக் கைக்குழந்தையின்ர தாய் தந்த ரெண்டு பிஸ்கற்றையும் குடுத்துத் தான் சமாளிச்சனான்.

கொழும்பில இறங்கேக்க எட்டு மணி தாண்டிட்டுது, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒன்பது. நம்பர் முடிஞ்சு போச்சு எண்டிட்டினம். பஸ் பழுதாப் போட்டுது எண்டு சொன்னம், அந்த மிஸ்ஸும் பாவம், என்ன செய்யிறது, வேற திகதி போட்டுத் தந்தவ, ஏழு கிழமை தள்ளி.

வீட்ட வந்து ஓனருக்கு கோல் எடுத்தனான். முதல் ரெண்டு தரம் பிறகு எடுங்கோ எண்டார். மூண்டாம் தரம், கையெழுத்து வச்ச ரிக்கெற் ரெண்டு, மற்ற பஸ் ரிக்கெற் ரெண்டு, நம்பர் பிளேட் படம் எல்லாத்தையும் வாட்ஸ்அப்பில அனுப்பிப் போட்டு, இதை 1955க்குச் சொல்ல முதல் உங்களிட்டக் கேக்கிறன் எண்டு மரியாதையாச் சொன்னன். அண்டைக்குப் பின்னேரமே மற்ற பஸ்சுக்குக் குடுத்த காசு முழுக்க பாங்கில விழுந்தது. நான் உடன திருப்பி எடுத்து, மற்ற ஆக்களுக்கும் குடுங்கோ எண்டு கேட்டன். "கேட்டா குடுப்பம் தங்கச்சி" எண்டார். ஐம்பது பேரில கேட்டது நான் ஒராள் தான் போல. அதுக்குத் தான் இதை எழுதுறன், அண்டைக்கு அந்த பஸ்சில வந்த ஆராவது இதை வாசிச்சா ரிக்கெற் துண்டைத் தேடி எடுத்து கோல் பண்ணுங்கோ, நம்பர் பஸ் கதவில கிடக்கு.

அவரிட்ட முக்கோணத்தைப் பற்றியும் கேட்டனான். வாங்கி வைக்கிறன் எண்டார். வாற செவ்வாய்க்கிழமை அம்மாவின்ர புதுத் திகதி, அதே பஸ்சுக்குத் தான் சீற் போட்டிருக்கிறன், ஆனா இந்த முறை ஒரு நாள் முந்திப் போறம். ஏற முதல் பின்னுக்குப் போய்ப் பாப்பன்.